எட்டு எண்ணங்கள் எப்படி ஏழு பாவங்களா ஆச்சு

தலையான பாவங்கள் ஏழுன்னு ஒரு லிஸ்ட் இருக்கறது பல பேருக்கு தெரியும். அகங்காரம், லோபித்தனம் (பேராசை), மோகம், கோபம், போஜனப்பிரியம், காய்மகாரம் (பொறாமை), சோம்பல். ஞானோபதேசம் (கத்தோலிக்க மறைக்கல்வி) படிச்சவங்கள தூக்கத்துல எழுப்பி கேட்டாக்கூட மடமடன்னு ஒப்பிச்சிடுவாங்க. ஆனா இந்த லிஸ்ட்டோட மூல வடிவம் நாலாம் நூற்றாண்டு கடைசியில எகிப்து பாலைவனத்துல எழுதப்பட்டப்போ அதுல எட்டு இருந்துச்சு, அதை எழுதினவர் அதுக்கு எண்ணங்கள்னு தான் பேர் வச்சார். கூப்பிடாமலே மனசுக்குள்ள வந்து உக்கார்ற எட்டு வகை எண்ணம். இது தெரிஞ்சப்புறம் அந்த லிஸ்ட்டை நான் பாக்கற விதமே மாறிடுச்சு. எட்டு ஏழா சுருங்கினப்போ ரொம்ப முக்கியமான ஒன்னு கைவிட்டு போச்சுன்னும் நம்பறேன், அதுக்காகத் தான் இந்த போஸ்ட், கொஞ்சம் நீளம், பொறுத்துக்கோங்க.

எழுதினவர் பேரு எவாக்ரியுஸ். கருங்கடலுக்கு தெக்க இருந்த பொந்துஸ் பகுதியில சுமார் 345ல பொறந்தவர். நல்ல படிப்பு, நல்ல நாவன்மை. நசியான்சு கிரகோரிங்கற பெரிய இறையியலாளர் கான்ஸ்டான்டிநோபிள்ல ஆயரா இருந்தப்போ அவருக்கு டீக்கனா (ஆயருக்கு உதவியா இருக்கற திருப்பணியாளர்) இருந்தவர், இறையியல் விவாதம்னா மனுஷன் பிச்சு உதறுவாராம். அந்த நேரத்துல தான் ஒரு பெரிய அதிகாரியோட மனைவி மேல மனசு போயிடுச்சு, அந்தம்மாவுக்கும் இவர் மேல. தன்னை கைது பண்ணி சங்கிலி போட்டு நிறுத்தி வச்ச மாதிரி ஒரு கனவு கண்டு, இந்த ஊரை விட்டு போயிடறேன்னு கனவுலயே சத்தியம் பண்ணி, முழிச்சதும் கனவா இருந்தாலும் சத்தியம் சத்தியம் தானேன்னு ஜெருசலேமுக்கு கப்பல் ஏறிட்டார். அங்க போயும் பழைய பகட்டு விடல, நல்ல நல்ல துணியா மாத்தி மாத்தி உடுத்திட்டு திரிஞ்சார்னு அவரோட சீடர் பல்லாதியுஸ் எழுதி வச்சிருக்கார். அப்புறம் ஆறு மாசம் காய்ச்சல், வைத்தியர்களுக்கு என்னன்னே பிடிபடல. மெலானியாங்கற பெண் துறவி தான் இது வெறும் உடம்பு வியாதி இல்லன்னு கண்டுபிடிச்சு, பக்கத்துல உக்காந்து விசாரிச்சு, மனசுல இருக்கறதை எல்லாம் சொல்ல வச்சாங்க. துறவியா போறேன்னு வாக்கு குடு, உனக்காக ஜெபிக்கறேன்னாங்க. குடுத்தார், எந்திரிச்சார், எகிப்துக்கு போனார். நித்திரியாங்கற துறவிகள் குடியிருப்புல ரெண்டு வருஷம், அப்புறம் இன்னும் உள்ள தள்ளி கெல்லியாங்கற இடத்துல பதினாலு வருஷம், புத்தகம் நகல் எழுதி அந்த கூலியில சாப்பிட்டு, 399ல அங்கயே இறந்தார். இவ்வளவும் ஏன் சொல்றேன்னா அந்த எட்டையும் எழுதினவர் அதுல அடிபட்டு வந்தவர்ங்கறது அவரோட ஒவ்வொரு வரியிலயும் தெரியுது.

அவரோட எட்டு இது தான்: போஜனப்பிரியம், மோகம், பண ஆசை, சோகம், கோபம், அகேடியா (எதுலயும் மனசு ஒட்டாத ஒரு சலிப்பு, பின்னாடி விரிவா சொல்றேன்), வீண்பெருமை, அகங்காரம். பேர மட்டும் பாத்தா பழைய சங்கதி மாதிரி தான் இருக்கும். ஒவ்வொன்னுக்குள்ளயும் என்ன எழுதியிருக்கார்னு பாக்கும்போது தான் தூக்கி வாரிப்போடும்.

போஜனப்பிரியத்தையே எடுங்க. வயிறு புடைக்க தின்னாதன்னு சொல்வார்னு தானே எதிர்பார்ப்போம்? அவர் சொல்றது வேற. இந்த எண்ணம் துறவிகிட்ட விருந்தை காட்டாதாம், வியாதியை காட்டுமாம். இப்படி பட்டினி கிடந்தா உன் வயிறு என்னத்துக்கு ஆகும், ஈரல் என்ன ஆகும், மண்ணீரல் என்ன ஆகும், உடம்புல நீர் கோத்து வீங்கி நாள்கணக்குல படுத்துட்டா இந்த பாலைவனத்துல மருந்துக்கு எங்க போவ, வைத்தியர் எங்க இருக்கார், இதே மாதிரி படுத்த அந்த சகோதரன் ஞாபகம் இருக்கா, இந்த சகோதரன் ஞாபகம் இருக்கான்னு வரிசையா கொண்டு வந்து நிறுத்துமாம். அதாவது பயம். பண ஆசையும் அப்படியே தான். தங்கம் பளபளன்னு மின்னறதை அவர் எழுதல. நீண்ட முதுமை, கை வேலை செய்ய முடியாம போறது, வரப்போற பஞ்சம், வரப்போற நோய், எல்லாத்துக்கும் மேல அவசியமானதுக்கு கூட அடுத்தவன்கிட்ட கை நீட்டி வாங்கறதுல இருக்கற அவமானம், இதெல்லாம் தான் பண ஆசை மனசுல போடற படம்ங்கறார். எனக்கு இதை படிச்சப்போ கொஞ்ச நேரம் மேல போகவே முடியல. பேராசைக்காரன்னு நாம யாரையாவது திட்டும்போது அவனுக்குள்ள இருக்கற நடுக்கத்தை பாக்கறதே இல்ல, நமக்குள்ள இருக்கறதையும் பாக்கறதில்ல, எதிர்காலத்துக்கு சேத்து வைக்கறேன்னு அதுக்கு ஒரு மரியாதையான பேர் வச்சிடறோம்.

இதே பண ஆசையை இன்னொருத்தர் இன்னொரு பக்கத்துல இருந்து பாத்தார், அதையும் இங்கயே சொல்லிடறேன், ஏன்னா எவாக்ரியுஸை மட்டும் படிச்சா எல்லாம் மனசு சம்பந்தப்பட்டதுன்னு ஆயிடும். செசாரியா நகரத்து பசில். எவாக்ரியுஸை சின்ன வயசுல திருச்சபை வாசகரா நியமிச்சவரே இவர் தான். கப்பதோக்கியா பகுதியில 368, 369 வாக்குல கடுமையான பஞ்சம், தானியம் வச்சிருந்தவங்க விலை ஏறட்டும்னு பூட்டி வச்சிட்டாங்க. பசில் அப்போ ஆயர் கூட ஆகல, வெறும் குரு. லூக்கா சுவிசேஷத்துல களஞ்சியத்தை இடிச்சு பெருசா கட்டறேன்னு சொன்ன பணக்காரன் கதையை எடுத்துக்கிட்டு அவர் பண்ணின பிரசங்கம் இன்னைக்கும் இருக்கு. நீ வச்சிருக்கற ரொட்டி பசிச்சவனோடது, பெட்டியில போட்டு வச்சிருக்கற துணி துணியில்லாதவனோடது, உன் வீட்டுல மக்கிப்போற செருப்பு வெறுங்காலோட நடக்கறவனோடதுன்னு முகத்துக்கு நேரா சொன்னார். கேட்டவங்க கிடங்கை திறந்தாங்க, பசில் தானே முன்ன நின்னு பசிச்சவங்களுக்கு ஆக்கிப்போட்டார்னு அவரோட நண்பர் நசியான்சு கிரகோரி சொல்றார். பாலைவனத்துல அது பயம், ஊருக்குள்ள அதே பயம் தான் அடுத்தவன் வயித்துல அடிக்கற களவு. ரெண்டு பேர் சொன்னதும் சேந்தா தான் முழுசா இருக்குன்னு எனக்கு தோணுது.

இப்போ அகேடியா. இதை நான் நிறுத்தி நிதானமா சொல்லணும், ஏன்னா இவ்வளவு நுணுக்கமா ஒரு மனநிலையை வேற யாரும் எழுதி நான் படிச்சதில்ல. காலையில பத்து மணி வாக்குல வருமாம், மத்தியானம் ரெண்டு மணி வரைக்கும் சுத்தி வளைச்சு நிக்குமாம், அதனால இதுக்கு நண்பகல் பேய்னே பேரு. முதல்ல சூரியன் நகரவே இல்லாத மாதிரி இருக்கும், ஒரு நாளைக்கு அம்பது மணி நேரம் இருக்கற மாதிரி. அப்புறம் ஜன்னல் பக்கம் கண்ணு போகும். எந்திரிச்சு வெளிய வந்து சூரியனை பாத்து சாப்பாட்டு நேரத்துக்கு இன்னும் எவ்வளவு இருக்குன்னு கணக்கு போடுவார் (அவங்களுக்கு மூணு மணிக்கு தான் சாப்பாடு). யாராவது சகோதரர் இந்த பக்கம் வர்றாரான்னு இங்கயும் அங்கயும் பாப்பார். யாரும் வரலைன்னதும் இந்த இடமே பிடிக்காம போயிடும், இந்த வாழ்க்கை பிடிக்காம போயிடும், கையில இருக்கற வேலை பிடிக்காம போயிடும். இங்க யாருக்கும் யார் மேலயும் அன்பே இல்ல, ஆறுதல் சொல்ல ஒரு ஆள் கிடையாதுன்னு தோணும். சமீபத்துல யாராவது மனசு நோகற மாதிரி ஏதாவது சொல்லியிருந்தா அது கரெக்டா அப்போ ஞாபகத்துக்கு வரும். வேற இடத்துக்கு போனா நல்லா இருக்கலாமே, சுலபமான தொழில் கிடைக்குமே, கடவுளை எங்க இருந்தாலும் கும்பிடலாமேன்னு நியாயம் பேசும். வீட்டு ஞாபகம், பழைய வாழ்க்கை ஞாபகம், இன்னும் எத்தனை வருஷம் இப்படியே தள்ளணுமோங்கற மலைப்பு. இதை எழுதி ஆயிரத்தி அறுநூறு வருஷத்துக்கு மேல ஆச்சு. நான் வேலை நடுவுல ஃபோனை எடுத்து எந்த நோட்டிஃபிகேஷனும் இல்லைன்னு தெரிஞ்சும் திரும்ப திரும்ப திறந்து பாக்கற அந்த நேரமும் பெரும்பாலும் பத்துல இருந்து ரெண்டுக்குள்ள தான் வருது, நீங்களும் கவனிச்சு பாருங்க.

இதுக்கு அவர் மருந்து சொல்றப்போ திட்டறதே இல்ல. அந்த நேரத்துல அறையை விட்டு மட்டும் போகாத, உக்காரு. மனசை ரெண்டா பிரிச்சுக்கோ, ஒரு பாதி ஆறுதல் சொல்லட்டும், இன்னொரு பாதி ஆறுதல் வாங்கிக்கட்டும்ங்கறார். தாவீதோட சங்கீதத்துல "என் ஆத்துமாவே, நீ ஏன் கலங்குகிறாய்?"னு வருமே, அதை தனக்கு தானே பாடிக்க சொல்றார். தன்னோட மனசுகிட்ட தானே ஒரு நல்ல நண்பனா பேசறது ஆதி கிறிஸ்தவ போதனையில ஒரு மருந்தா இருந்திருக்கு. அதையும் வெறும் வாயால சொல்லிட்டு விடல, எந்த எண்ணம் வந்தா எந்த வசனத்தால பதில் சொல்லணும்னு கிட்டத்தட்ட 500 வசனம் தேடி எட்டு பாகமா தனி புத்தகமே தொகுத்து வச்சார்.

அவரோட மொத்த போதனையும் ஒரு வாக்கியத்துல நிக்குது. இந்த எண்ணங்கள் வந்து நம்மள தொந்தரவு பண்றதும் பண்ணாததும் நம்ம கையில இல்ல, ஆனா அதுங்க உள்ள தங்கறதும் தங்காததும், நம்ம உணர்ச்சியை கிளப்பி விடறதும் விடாததும் நம்ம கையில தான் இருக்கு. இவ்வளவு தான். எண்ணம் வந்ததாலேயே நீ கெட்டவன் ஆயிடலைங்கறது எத்தனை பேருக்கு மூச்சு விட இடம் குடுக்கற வார்த்தை! சின்ன வயசுல இருந்து மனசுல ஒரு கெட்ட எண்ணம் தலைகாட்டினதுக்கே தன்னை சபிச்சுக்கறவங்கள நான் பாத்திருக்கேன், அவங்க கையில இந்த ஒரு வரியை யாராவது குடுத்திருக்கணும். இன்னொரு இடத்துல, எண்ணங்களை கவனி, எப்போ கூடுது எப்போ தணியுது, எதுக்கு பின்னாடி எது வருதுன்னு குறிச்சு வைன்னும் சொல்றார். நோயாளியே தன்னோட டாக்டரும் ஆகற மாதிரி ஒரு பயிற்சி.

எவாக்ரியுஸுக்கு முன்னாடியும் லிஸ்ட் இருந்துச்சு, அதை சொல்லாம விட்டா தப்பு. பவுல் கலாத்தியருக்கு எழுதின நிருபத்துல மாம்சத்தின் கிரியைகள்னு ஒரு வரிசையும் ஆவியின் கனின்னு அன்பு, சந்தோஷம், சமாதானம்னு ஆரம்பிச்சு இச்சையடக்கம் வரைக்கும் ஒன்பதும் எழுதினார். திதாக்கேங்கற ரொம்ப பழைய போதனை நூல், 1873ல கான்ஸ்டான்டிநோபிள்ல கையெழுத்துப்பிரதி கிடைச்சு 1883ல அச்சாச்சு, அது ஜீவனுக்கு ஒரு வழி, மரணத்துக்கு ஒரு வழின்னு தான் ஆரம்பிக்கும். அதுல எனக்கு பிடிச்சது, என் பிள்ளையே கோபப்படாத, கோபம் கொலைக்கு கூட்டிட்டு போகும்னு செயலுக்கு பின்னாடி இருக்கற வேரை காட்டற இடம். ஹெர்மாஸ் எழுதின மேய்ப்பன்ங்கற நூல்ல ஒரு ஜாடி தேன்ல கொஞ்சூண்டு எட்டிக்கசப்பு விழுந்தா மொத்த தேனும் கெட்டுப்போகும், கோபமும் பொறுமைக்குள்ள விழுந்தா அப்படித்தான்னு வரும். ஸ்டோயிக்னு சொல்ற பழைய கிரேக்க தத்துவக்காரங்க கிட்ட இருந்தும் ஆதி கிறிஸ்தவங்க நிறைய எடுத்திருக்காங்க. மிலான் ஆயர் அம்புரோஸ் விவேகம், நீதி, திடம், மட்டசனம் (அளவோட இருக்கறது)ங்கற கிரேக்கத்து நாலு புண்ணியத்தையும் ஏதேன் தோட்டத்து நாலு ஆறோட பொருத்தி பாத்தார், அழகா தான் இருக்கு, ஆனா எனக்கென்னமோ அதெல்லாம் படிப்பாளிங்க அடுக்கி வச்ச மாதிரி தோணும், பாலைவனத்து ஆளுங்க பேசறது தான் நெஞ்சுல நிக்குது.

அந்த பாலைவனத்து போதனையை மேற்கே கொண்டு போனவர் யோவான் காசியன். எகிப்துல வருஷக்கணக்கா துறவிகளோட இருந்து கேட்டவர், அங்க 400 வாக்குல ஒரிஜன்ங்கற பழைய இறையியலாளரோட கருத்துக்களை வச்சு பெரிய சச்சரவு கிளம்பினதும் கான்ஸ்டான்டிநோபிளுக்கு போய் அந்த ஊர் ஆயர் யோவான் கிறிசோஸ்தோம்கிட்ட டீக்கனா இருந்து, கடைசியில 415 வாக்குல பிரான்சுல இருக்கற மார்செய்யில மடம் நிறுவினார். எட்டையும் லத்தீன்ல விரிச்சு எழுதினது இவர் தான், எவாக்ரியுஸ் பேரை மட்டும் ஒரு இடத்துலயும் சொல்லல, அந்த சச்சரவால சொன்னா ஆபத்துங்கற காலம்.

கோபத்தை பத்தி காசியன் எழுதற ஒரு இடம் இருக்கு. மனுஷங்க கூட இருந்தா தானே கோபம் வருது, தனியா போயிட்டா சரியாயிடும்னு நினைக்கறவங்களுக்கு தன்னோட அனுபவத்தையே சொல்றார். தனியா இருந்தப்போ எழுதற நாணல் பேனா தடிமனா இருந்தா பேனா மேல கோபம், மெலிசா இருந்தா அதுக்கும் கோபம், கத்தி மொக்கையா இருந்து சரியா சீவலைன்னா கத்தி மேல கோபம், சிக்கிமுக்கி கல்லுல நெருப்பு சட்டுன்னு வரலைன்னா கல்லு மேல கோபம், அந்த ஜடப்பொருளை சபிச்சா தான் மனசு ஆறுமாம். அப்போ கோபம் எதிராளிகிட்ட இருந்து வரல, நாம போற இடத்துக்கெல்லாம் கூடவே வருது. அதே மாதிரி பெரிய சொத்தையெல்லாம் உதறிட்டு பாலைவனத்துக்கு வந்தவங்க, ஒரு பேனாக்கத்திக்கும் ஒரு ஊசிக்கும் சண்டை போட்டதையும், தன்னோட புத்தகத்தை இன்னொருத்தர் தொடக்கூட விடாம இறுக்கி பிடிச்சிட்டு இருந்ததையும் எழுதறார். கோபத்துக்கு எவாக்ரியுஸ் சொல்ற மருந்து ரொம்ப எளிமை. மனஸ்தாபத்தை ஒரு பரிசு அணைச்சிடும், யாக்கோபு ஏசாவுக்கு குடுத்த மாதிரி. நாம ஏழைங்க, பரிசுக்கு எங்க போறது, சாப்பிட கூப்பிடுவோம்ங்கறார். அவ்வளவு தான், சாப்பிட கூப்பிடுங்க.

வீண்பெருமைக்கு காசியன் சொல்ற கதையும் மறக்க முடியாது. எகிப்து பாலைவனத்துல ஸ்கேத்திஸ்ங்கற இடத்துல ஒரு பெரியவர் ஒரு தம்பியோட அறைக்கு போறார். உள்ள ஏதோ முணுமுணுப்பு. வேதத்தை மனப்பாடம் சொல்றான் போலன்னு சந்தோஷமா காதை வச்சு கேக்கறார். பாத்தா, அந்த தம்பி கோயில் நிறைய ஜனம் இருக்கற மாதிரி நினைச்சுக்கிட்டு பிரசங்கம் பண்ணிட்டு இருக்கான். பிரசங்கம் முடிஞ்சதும் அவனே டீக்கனா மாறி ஞானஸ்நானத்துக்கு தயாராகறவங்க இப்போ வெளிய போகலாம்னு அறிவிப்பும் குடுக்கறான். பெரியவர் அப்போ தான் கதவை தட்டறார். தம்பி வெலவெலத்து போய், எப்போ வந்தீங்க, ரொம்ப நேரமா நிக்கறீங்களான்னு கேக்கறான். இல்லப்பா, நீ இப்போ அவங்களை வெளிய போக சொன்னியே, அப்போ தான் வந்தேன்னார் பெரியவர். அவனை அவமானப்படுத்தல, பொய்யும் சொல்லல, அவனுக்கு தெரியவும் வச்சிட்டார். இந்த ஒரு பதில்ல எவ்வளவு பக்குவம் இருக்கு!

அடுத்தவன் குத்தத்தை எப்படி பாக்கணும்ங்கறதுல அந்த மக்கள் எல்லாருமே இப்படி தான். எத்தியோப்பியரான அப்பா மோசே (மூத்த துறவிகளை மரியாதையா அப்பான்னு தான் கூப்பிடுவாங்க), முன்னாடி கொள்ளைக்காரரா இருந்து துறவியானவர். ஒரு சகோதரன் ஏதோ தப்பு பண்ணிட்டான்னு சபை கூட்டி இவரை கூப்பிட்டாங்க, வரமாட்டேன்னுட்டார். எல்லாரும் காத்திருக்காங்கன்னு மறுபடி ஆள் அனுப்பினதும், ஓட்டை கூடையில மணலை நிரப்பி முதுகுல தூக்கிட்டு வந்தார். என்னப்பா இதுன்னு கேட்டாங்க. என் பாவமெல்லாம் எனக்கு பின்னாடி கொட்டிட்டே வருது, அது என் கண்ணுக்கு தெரியல, ஆனா நான் இன்னைக்கு இன்னொருத்தன் தப்பை விசாரிக்க வந்திருக்கேன்னார். சபையில யாரும் அந்த சகோதரனை ஒன்னும் சொல்லல, மன்னிச்சு விட்டுட்டாங்க. எட்டு எண்ணங்களோட லிஸ்ட் பிறந்தது இந்த மாதிரி ஆளுங்க நடுவுல, தன்னை தானே பாத்துக்கறதுக்கு. இன்னொருத்தரை அளக்க அதை யாரும் கையில எடுக்கல.

சரி, ஏழு எப்படி ஆச்சு? போப்பாண்டவர் முதலாம் கிரகோரி (590ல இருந்து 604 வரைக்கும் போப்பாண்டவரா இருந்தவர்) யோபு ஆகமத்துக்கு எழுதின பெரிய விளக்கவுரையில அகங்காரத்தை லிஸ்ட்ல இருந்து எடுத்து எல்லாத்துக்கும் வேரா, ராணியா தனியா வச்சார், காய்மகாரத்தை புதுசா சேத்தார், அகேடியாவை சோகத்துக்குள்ள அடக்கினார். அப்போ சோகம் இன்னும் லிஸ்ட்ல இருந்துச்சு. போகப்போக சோகம்ங்கற பேர் போய் அந்த இடத்துல அகேடியா திரும்ப வந்துச்சு, அதுவும் தேய்ஞ்சு தேய்ஞ்சு வெறும் சோம்பல் ஆச்சு. வீண்பெருமையும் அகங்காரத்தோட கலந்து, அகங்காரம் லிஸ்ட்டுக்கு திரும்ப வந்துச்சு. 1215ல நாலாவது லாத்தரன் சங்கம் (ஆயர்கள் கூடின பொதுச்சபை) வருஷத்துக்கு ஒரு தடவையாவது எல்லாரும் பாவசங்கீர்த்தனம் (குருகிட்ட பாவத்தை அறிக்கை பண்றது) பண்ணணும்னு சட்டம் போட்டதும், பாவங்களை ஞாபகப்படுத்தி கேக்க ஒரு கைக்கணக்கு தேவைப்பட்டுச்சு, இந்த ஏழும் அதுக்கு வசதியா அமைஞ்சிடுச்சு. தன்னை கவனிக்கறதுக்காக பிறந்தது குத்தப்பத்திரிகை ஆயிடுச்சு.

இதுல சோகம் போனது தான் எனக்கு ஆறவே இல்ல. காசியன் ஒன்னொன்னா கோர்த்து காட்டுவார், போஜனப்பிரியத்துல இருந்து மோகம், மோகத்துல இருந்து பண ஆசை, அதுல இருந்து கோபம், கோபத்துல இருந்து சோகம், சோகத்துல இருந்து அகேடியா. அகேடியாவை ஜெயிக்கணும்னா முதல்ல சோகத்தை பாருங்கறார். அதாவது ஒருத்தன் ஒன்னும் செய்யாம முடங்கி கிடந்தா அவனை சோம்பேறின்னு திட்டறதுக்கு முன்னாடி அவன் எதை நினைச்சு வருத்தத்துல இருக்கான்னு கேக்கணும். இந்த சங்கிலியில சோகத்தை உருவிட்டா மிஞ்சறது சோம்பேறின்னு ஒரு வசவு மட்டும் தான். எவாக்ரியுஸ் சோகம் எப்படி வரும்னு சொல்றதை கேளுங்க: முதல்ல வீடு, அப்பா அம்மா, பழைய நாட்கள் ஞாபகம் இனிப்பா வரும், மனசு அது பின்னாடியே சந்தோஷமா போகும், ஆனா அதெல்லாம் இப்போ இல்லைங்கறது உறைக்கற நொடியில அப்படியே அமுக்கிடும். காசியன் இன்னும் ஒரு படி போய், சில நேரம் காரணமே இல்லாம திடீர்னு ஒரு பாரம் வந்து இறங்கும், நமக்கு ரொம்ப வேண்டியவங்க வந்தாக்கூட முகம் குடுத்து பேச முடியாது, அவங்க என்ன நல்லது சொன்னாலும் எரிச்சலா தான் படும்ங்கறார். இதை இன்னைக்கு ஒரு டாக்டர்கிட்ட படிச்சு காட்டினா என்ன பேர் சொல்வார்னு உங்களுக்கே தெரியும்.

எனக்கு நெருக்கமான ஒருத்தங்க குடும்பத்துல ஒரு சாவுக்கப்புறம் மாசக்கணக்கா எந்திரிக்க முடியாம கிடந்தாங்க. ஜெபக்கூட்டத்துல இருந்து வந்த ஒருத்தர், விசுவாசம் இருந்தா இப்படி படுத்து கிடப்பியா, சோம்பல் ஒரு பாவம்னு சொல்லிட்டு போனார். அந்த வார்த்தை அவங்களை எவ்வளவு கீழ தள்ளுச்சுன்னு நான் கூட இருந்து பாத்தேன், இன்னைக்கும் நினைச்சா வயிறு எரியுது. அப்படி பேசறவங்களுக்கு கிறிசோஸ்தோம் எழுதின கடிதங்களை காட்டணும். 404ல அவரை நாடு கடத்தி அர்மேனியா பக்கம் கூகூசுஸ்ங்கற குளிர்ப்பிரதேசத்துக்கு அனுப்பிட்டாங்க. கான்ஸ்டான்டிநோபிள்ல அவரோட தோழி ஒலிம்பியாஸ், பெண் டீக்கன், தன்னோட பெரிய சொத்தை ஏழைங்களுக்கு வாரிக் குடுத்தவங்க, அந்த பிரிவுலயும் விசாரணை தொந்தரவுலயும் மனசு உடைஞ்சு போயிட்டாங்க. அவங்களுக்கு எழுதின 17 கடிதம் நம்ம கைக்கு வந்திருக்கு. மனச்சோர்வு ஆத்துமாவுக்கு நடக்கற பயங்கரமான சித்திரவதைன்னு அதுல எழுதறார். விசுவாசம் இல்லாதவங்கன்னு ஒரு வார்த்தை சொல்லல. அவங்க செஞ்ச நல்லதையெல்லாம் ஞாபகப்படுத்தறார், குளிர்ல தனக்கு வாந்தியும் தலைவலியுமா இருந்ததை சொல்றார், உடம்பை பாத்துக்கோங்க, நல்ல வைத்தியர்களை பாருங்கன்னு சொல்றார். 407ல இன்னும் தூரமா நடத்தி கூட்டிட்டு போறப்போ வழியிலயே இறந்துட்டார்.

அகேடியாவுக்கு வேலை ஒரு மருந்துன்னு சொன்னவங்களும் உண்டு, ஆனா அதையும் எப்படி சொன்னாங்கன்னு பாருங்க. காசியன் சொல்ற அப்பா பவுல்னு ஒருத்தர், ஊர்ல இருந்து ரொம்ப ரொம்ப தூரத்துல, தோட்டமும் பேரீச்ச மரமும் இருக்கற இடத்துல தனியா இருந்தார். சாப்பாட்டுக்கு கவலை இல்ல. கை வேலை செஞ்சு வித்தாலும் ஊருக்கு கொண்டு போற வண்டிக்கூலி அதை விட அதிகம். இருந்தும் தினமும் தனக்கு தானே ஒரு அளவு வச்சு ஓலை சேகரிச்சார், வருஷம் முழுக்க குகை நிறைய சேந்ததும் எல்லாத்தையும் கொளுத்திட்டு மறுபடி முதல்ல இருந்து ஆரம்பிச்சார். வேலை சம்பாத்தியத்துக்கு இல்லாம மனசு நிக்கறதுக்கு ஒரு பிடிமானமா இருந்துச்சு அவருக்கு.

புண்ணியமும் அளவு மீறினா கொல்லும்னு இவங்களுக்கு தெரிஞ்சிருந்துச்சுங்கறதையும் சொல்லணும். ஏரோன்னு ஒரு முதியவர், அம்பது வருஷம் பாலைவனத்துல கடும் நோன்பு, ஈஸ்டர் அன்னைக்கு கூட மத்த சகோதரர்களோட உக்காந்து சாப்பிட மாட்டார், பருப்போ கீரையோ கொஞ்சம் சேத்துக்கிட்டா கூட நோன்பு தளந்து போச்சுன்னு ஆயிடுமோன்னு. கடைசியில ஒரு தேவதூதன் வந்து கிணத்துல குதி, உன் புண்ணியத்துக்கு ஒன்னும் ஆகாதுன்னு சொன்னதா நம்பி நடுராத்திரி குதிச்சிட்டார். அரை உயிரா தூக்கினாங்க, மூணாவது நாள் போயிட்டார், அப்பவும் தான் ஏமாந்ததை ஒத்துக்கல. காசியன் இதை சொல்லிட்டு, எல்லா புண்ணியத்துக்கும் தாய் நிதானிச்சு பாக்கற தெளிவு தான்ங்கறார். எவாக்ரியுஸே பல வருஷம் சமைச்ச சாப்பாடு தொடாம இருந்து வயித்தை கெடுத்துக்கிட்டு, கடைசி காலத்துல சமைச்சதை சாப்பிட ஆரம்பிச்சார்னு பல்லாதியுஸ் எழுதியிருக்கார். ஈரல், மண்ணீரல்னு அவர் எழுதினப்போ அது அவரோட வலியாவும் இருந்திருக்கும்.

இவங்க இலக்கு உணர்ச்சியே இல்லாம ஆகறதான்னு அப்பவே சண்டை வந்துச்சு. அப்படி ஆகணும்னா ஒன்னு கல்லா இருக்கணும், இல்ல கடவுளா இருக்கணும்னு, பைபிளை லத்தீன்ல மொழிபெயர்த்த ஜெரோம் காட்டமா எழுதினார். ஆனா எவாக்ரியுஸ், உணர்ச்சிகள் அடங்கின அந்த மன அமைதியோட பிள்ளை அன்புன்னு தெளிவா எழுதி வச்சிருக்கார், எட்டையும் தாண்டி போறது அன்புக்காக தான், அதுல எனக்கு சந்தேகமே இல்ல. 553ல கான்ஸ்டான்டிநோபிள்ல கூடின சங்கத்தை ஒட்டி ஒரிஜனோட சேத்து இவரையும் கண்டனம் பண்ணிட்டாங்க, அதுக்கு காரணம் ஆத்துமாக்களோட ஆதி நிலை பத்தின வேற கருத்துக்கள். கிரேக்கத்துல பல நூல் அழிஞ்சு போச்சு, சிலது நீலுஸ்ங்கற இன்னொரு துறவி பேர்ல ஒளிஞ்சு பிழைச்சுது, வசனங்களோட அந்த பெரிய தொகுப்பு சிரியாக் மொழியில தப்பிச்சுது.

படிக்கணும்னு தோணினா எவாக்ரியுஸோட பிராக்டிகோஸ்ங்கற நூல்ல இருந்து ஆரம்பிங்க, நூறே அத்தியாயம், ஒவ்வொன்னும் சில வரி தான். ஆறுல இருந்து பதினாலு வரைக்கும் தான் நான் மேல சொன்ன எட்டும் இருக்கு. காசியன்ல மடத்து ஒழுங்குகள் பத்தின நூலோட ஒன்பதாவது பாகம் சோகம், பத்தாவது பாகம் அகேடியா, அந்த ரெண்டையும் தனித்தனியா படிக்காம சேத்து படிங்க.